காய்ந்த விரல் ஈரமானபோது: செட்டிநாட்டுச் சமையல் மாஸ்டர் ஒருவரின் கேங்ரீன்

இதில் வருபவர் யார் என்று அடையாளம் தெரியாதபடி சில சொந்த விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே. எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரும் மகளும் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். கேங்ரீன், அதாவது சதை செத்துக் கறுத்துப்போவது, என்றாலே "காலை எடுத்துருவாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, ஆனால் எந்தக் கறுப்பு ஒரு வாரம் பொறுக்கும், எந்தக் கறுப்பு ஒரு ராத்திரிகூடப் பொறுக்காது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரே காலில் இரண்டையும் பார்த்தோம்.

பின்னணி

அறுபதை நெருங்கும் ஆண். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், சாந்தி, படைப்பு என்று எங்கே விசேஷம் என்றாலும் ஒரு செட்டு ஆட்களோடு போய்ச் சமைத்துக் கொடுப்பவர். முகூர்த்த மாதங்களில் வீட்டில் தங்குவதே அபூர்வம். பெரிய வீடுகளின் பின்கட்டில் கோட்டை அடுப்புக்கு முன்னால் விடியற்காலை நிற்க ஆரம்பித்தால் மதியப் பந்தி முடியும் வரை நிற்பார், அதுவும் வெறுங்காலோடு. அடுப்படிக்குள் செருப்புப் போடும் வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது. கீழே எப்போதும் கழுவுதண்ணியும் வடிகஞ்சியும் ஓடிக்கொண்டிருக்கும்.

சர்க்கரை வந்து 14 வருடம். இளவயதிலிருந்தே பீடி. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது, அதில் குறையில்லை. மாத்திரை வீட்டில் இருந்தது, ஆள் கல்யாண வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். பிறகு மகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து காட்டினார். பிரிக்காத மெட்ஃபார்மின் அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி, டின் நிறைய.

கால் மரத்துப் போனது எப்போது என்று அவருக்கே தெரியாது. "நடக்கையில பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கும் டாக்டரம்மா, வயசாகுதுல்ல" என்றார். அது வயசு இல்லை. பல வருடம் கட்டுப்படாத சர்க்கரை காலின் நரம்புகளைக் கெடுத்திருந்தது. அதே சர்க்கரையும் பீடியும் சேர்ந்து முட்டிக்குக் கீழே ஓடும் ரத்தக் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தன. நரம்பு போனால் காயம் பட்டது தெரியாது, ரத்த ஓட்டம் போனால் பட்ட காயம் ஆறாது. இவருக்கு இரண்டும் போயிருந்தன.

கொப்புளத்திலிருந்து கறுப்பு வரை

தைப்பூசத்துக்குப் பழனி நடப்பது அவருக்கு வருடா வருடம் உள்ள வழக்கம். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் என்று போகும் கூட்டத்தோடு வெறுங்காலில் நடந்திருக்கிறார். திரும்பி வந்தபோது வலது காலின் இரண்டாவது விரல் நுனியில் கொப்புளம். ஊக்கைத் தீயில் காட்டி அவரே குத்தி, மஞ்சள் பத்து போட்டிருக்கிறார். வலிக்கவில்லை. பாதம் சில்லென்று இருந்ததால் ராத்திரி ராத்திரி உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்திருக்கிறார். மரத்த காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது, தோல் வெந்து பக்கத்து விரலிலும் ஒரு கொப்புளம் வந்தது. மருந்துக் கடையில் ஐந்து நாளைக்கு மாத்திரையும் ஒரு களிம்பும் வாங்கிப் போட்டார்கள்.

அப்புறம் விரல் நுனி நீலமாகி, ஒரு வாரத்துக்குள் கறுத்தது. கறுத்தும் வலி இல்லை. "வலியே இல்லையே, காஞ்சு உதிர்ந்துரும்" என்று வீட்டில் எல்லாருமே கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். வலி இல்லாததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டதில்தான் அந்த நாட்கள் போயின. உணர்ச்சியுள்ள காலாக இருந்தால், ரத்தம் கிடைக்காத விரல் அவரை ராத்திரி தூங்கவே விட்டிருக்காது.

கிளினிக்கில் பார்த்தது

மகள்தான் கூட்டி வந்தார். விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை கரிக்கறுப்பு. சுருங்கி, தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் அளவுக்குக் காய்ந்திருந்தது. கறுப்புக்கும் உயிருள்ள தோலுக்கும் நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சீழ் இல்லை, வாடை இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. உலர் கேங்ரீன் என்பது இதுதான். ரத்தம் போகாமல் திசு செத்துவிட்டது, ஆனால் செத்த இடத்தில் கிருமி இன்னும் குடியேறவில்லை.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமெண்ட் என்ற நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்த்தேன், குதிகாலைத் தவிர எங்குமே தெரியவில்லை. பாதத்தின் மேல் நாடி கைக்குக் கிடைக்கவில்லை. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியை வைத்தால் துடிப்பு வெட்டி வெட்டிக் கேட்காமல், ஜன்னல் இடுக்கில் காற்று நுழைவது போல ஒரே இழுப்பாகக் கேட்டது. ரத்தம் அடைப்பைத் தாண்டிக் கசிந்துதான் வருகிறது என்பதற்கு அந்தச் சத்தமே போதும்.

சர்க்கரை 340, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 11.2, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் ஏபிஐ கணக்கு 1.5 வந்தது. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்று படித்தவர்கள் இந்த 1.5-ஐப் பார்த்துவிட்டு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட வாய்ப்புண்டு. நாள்பட்ட சர்க்கரையில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது, அதனால்தான் எண் ஏறிக் காட்டுகிறது. 1.4-க்கு மேல் வந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது. டாப்ளர் சத்தத்தையோ கால்விரல் அழுத்தத்தையோதான் நம்ப வேண்டும்.

பீடிக்காரர் என்பதால் பர்ஜர் நோயா என்ற கேள்வியும் வந்தது. கை கால்களின் சின்ன ரத்தக் குழாய்கள் அழற்சியால் அடைபடும் அந்த நோய் பெரும்பாலும் 45 வயதுக்குள் புகைப்பவர்களுக்கு வருவது, சர்க்கரை இல்லாமலே விரல் கறுக்கும். இவர் வயசுக்கும் சர்க்கரைக்கும் அது பொருந்தவில்லை.

அன்று எடுத்த முடிவு

விரலை நான் தொடவில்லை. உலர்ந்த விரலை ரத்த ஓட்டம் சரி செய்யாமல் வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது, அடுத்த விரலும் கறுக்கும், பிறகு பாதம். முதலில் மதுரை போய் ஆன்ஜியோ, அதாவது சாயமருந்து ஏற்றி ரத்தக் குழாயைப் படம் எடுப்பது, பார்த்து, திறக்க முடிந்த குழாயைத் திறந்துவிட்டு, அப்புறம் விரலைப் பற்றி யோசிக்கலாம் என்றேன். கோடு விழுந்த காய்ந்த விரல் சில சமயம் தானாகவே உதிரும், அதில் அவசரமில்லை என்றும் சொன்னேன்.

கூடவே, வெந்நீர் கூடாது, பத்து கூடாது, நனையக் கூடாது, பீடியை இன்றே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், இரவு இன்சுலின் தொடங்கினேன். வாடை வந்தாலோ, வீங்கினாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ நாள் நேரம் பார்க்காமல் வர வேண்டும் என்று மகளிடம் எழுதியே கொடுத்தேன்.

மதுரைக்கு உடனே போகவில்லை. மாசி முகூர்த்தத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தார், அது ஒரு காரணம். இன்னொன்று மருமகன் சொன்னது: "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்ல கையெழுத்துத்தான் கேப்பாங்க. நம்ம தெருவுலயே ரெண்டு பேருக்கு முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு. அவசரப்படாதீங்க." அவர் சொன்னதை முட்டாள்தனம் என்று தள்ள மாட்டேன். உலர்ந்த விரலுக்கு, ரத்த ஓட்டமே பார்க்காமல் வெட்டலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்பது சரிதான். ஆனால் இங்கே யாரும் வெட்டச் சொல்லவில்லை, குழாயைப் பார்க்கத்தான் அனுப்பினோம். ஆஸ்பத்திரி என்ற ஒரே சொல்லில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கல்யாண வீட்டில் நடந்தது

இதை மகள் பிறகு சொன்னார். நனையக் கூடாது என்று நான் சொன்னதை மாஸ்டர் மீறவே இல்லை. கட்டுப் போட்ட பாதத்தின் மேல் ஜவுளிக் கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன் மேல் இன்னொரு பை, தண்ணீர் புகாமல் இருக்கக் கணுக்காலில் இரண்டு ரப்பர் பேண்டு. அதோடு விடியற்காலை மூன்று மணிக்குப் பணியாரத்துக்கு மாவு பார்க்கப் போனவர், பந்தி எல்லாம் முடிந்து பாத்திரம் எண்ணி ஒப்படைத்த பிறகுதான் பையைக் கழற்றினார். மறுநாளும் அப்படியே.

வெளித் தண்ணீர் ஒரு சொட்டுப் புகவில்லை. உள்ளே அடுப்பு வெக்கையில் சுரந்த வியர்வை எங்கும் போக வழியில்லாமல் தேங்கியது. ஏற்கெனவே குறைவாக வந்துகொண்டிருந்த ரத்தத்தை ரப்பர் பேண்டும் நின்ற நேரமும் இன்னும் குறைத்தன. இரண்டாம் நாள் ராத்திரி கட்டைப் பிரித்தபோது விரலிடுக்குத் தோல் வெள்ளையாக ஊறி உரிந்து வந்திருக்கிறது. கறுத்த விரலின் அடியில் காய்ந்த இடம் பிசுபிசுத்து லேசாக வாடை. பவுடர் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அப்போதும் வலிக்கவில்லை.

அடுத்த நாள் மாலைக்குள் குளிர்காய்ச்சல். வீட்டுக் குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. மகள் வேறு யாரையும் கேட்கவில்லை, ஆட்டோவில் ஏற்றி நேராகக் கொண்டுவந்துவிட்டார். நான் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் கையிலேயே இருந்தது.

அந்த ராத்திரி

ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே நாற்றம் தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது விரல் இரண்டும் கறுத்து, முன்பிருந்த அந்தத் தெளிவான கோடு காணாமல் போயிருந்தது. கறுப்பு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி ஊதாவும் சிவப்புமாகக் கலங்கிக் கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. உள்ளங்காலின் குழிவு வீங்கி மேடாகிவிட்டது. விரலிடுக்கில் லேசாக அழுத்தியதும் சாம்பல் நிறத் தண்ணீர்ச் சீழ். காய்ச்சல் 102, நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 100/60. கேட்டதற்குப் பதில் சொன்னார், ஆனால் ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவில் கண் செருகியது.

இது ஈர கேங்ரீன். செத்த திசுவில் கிருமி புகுந்துவிட்டது, இனி அது காலோடு நிற்காது, நஞ்சு ரத்தத்தில் கலந்து உயிருக்கே வரும். தோலை விரலால் அழுத்திப் பார்த்தேன், நொறுநொறுவென்று ஏதும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டிருந்தால் வாயு கேங்ரீனோ என்று பயப்பட வேண்டும். மண்ணில் இருக்கும் குளோஸ்டிரிடியம் வகைக் கிருமி ஆழமான காயத்தில் புகுந்து தசைக்குள் வாயு உண்டாக்கும், அது மணிக்கணக்கில் பரவும். சர்க்கரைக் காலில் வேறு கிருமிகளும் வாயு உண்டாக்கலாம். எப்படியும் அந்தக் காலை அன்றே திறந்தாக வேண்டும்.

கிளினிக்கிலேயே கீறிச் சீழை எடுக்கலாமா என்று மருமகன் கேட்டார். மாட்டேன் என்றேன். உள்ளங்காலில் சீழ் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது, மயக்க மருந்தும் ரத்தமும் இருக்கும் இடத்தில்தான் திறக்க வேண்டும். இங்கே செய்ய வேண்டியதை மட்டும் செய்தோம்: கையில் ஊசி ஏற்றிச் சலைன், கிருமிக்கு எதிராகக் கையில் இருந்த செஃப்ட்ரியாக்ஸோனும் மெட்ரோனிடசோலும் முதல் டோஸ், இன்சுலின், டெட்டனஸ் ஊசி. எக்ஸ்ரேவுக்குக்கூட நிற்கவில்லை. மதுரையில் அறுவை வார்டுக்குப் போனில் விவரம் சொல்லிவிட்டு 108-இல் ஏற்றினோம்.

ஏற்றும்போது மருமகன் மறுபடியும், "ஆன்ஜியோ பாத்துட்டுத்தான் வெட்டணும்னு நீங்களே சொன்னீங்க டாக்டர்" என்றார். சொன்னது உண்மை. அது காய்ந்த விரலுக்கு. சீழ் பிடித்து உடம்பு முழுக்க நஞ்சேறும்போது வரிசை மாறிவிடும்: முதலில் சீழையும் அழுகலையும் வெளியே எடுத்து உயிரைக் காப்பாற்ற வேண்டும், உடம்பு நிதானப்பட்டதும் குழாயைத் திறக்க வேண்டும், கடைசியில்தான் புண்ணை மூடுவது. இதை ஆம்புலன்ஸ் கதவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன், அவர் காதில் விழுந்ததா தெரியாது, மகள் காதில் விழுந்தது.

மதுரையில்

எக்ஸ்ரேயில் தசைக்குள் வாயு இல்லை. அறுவை டாக்டர் முதலில் சொன்னதே, தேவைப்பட்டால் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பதுதான். மருமகன் ஊரில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்ல, மகள், "அப்பா உசுரோட வரட்டும்" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நள்ளிரவில் திறந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது விரல்களும் அவற்றின் அடி எலும்பு நுனிகளும் போயின. உள்ளங்காலை நீளமாகக் கீறிச் சீழைக் கழுவித் தையல் போடாமல் திறந்தே விட்டார்கள். வீட்டார் இதைப் பார்த்துப் பயந்துபோனார்கள், "தைக்காம விட்டுட்டாங்க" என்று எனக்குப் போன் வந்தது. அழுகல் இருந்த இடத்தைத் தைத்து மூடினால் மிச்சக் கிருமி உள்ளேயே பெருகும், திறந்து விடுவதுதான் முறை. இரண்டு நாள் கழித்து மறுபடி தியேட்டரில் பார்த்து, செத்துக்கொண்டிருந்த இன்னும் கொஞ்சத்தை எடுத்தார்கள். சீழ்ப் பரிசோதனையில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள், அதற்கேற்ப மருந்தை மாற்றினார்கள்.

நஞ்சில் கிரியாட்டினின் 1.9 வரை ஏறியது. ஆன்ஜியோவுக்கு ஏற்றும் சாயமருந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால் மெட்ஃபார்மினை நிறுத்தி, சலைன் ஏற்றி, அது இறங்கும் வரை காத்திருந்தார்கள். ஆன்ஜியோவில் முட்டி வரை குழாய் பரவாயில்லை. முட்டிக்குக் கீழே போகும் மூன்றில் இரண்டு முழு அடைப்பு, முன்பக்கக் குழாய் மட்டும் அங்கங்கே நூலாக ஓடியது. அதைப் பலூன் விட்டுத் திறந்தார்கள். மறுநாளே பாதம் வெதுவெதுப்பாக இருந்தது என்று மகள் சொன்னார். புண்ணில் சிவந்த புதுத் தசை வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதன்பின் காற்றை உறிஞ்சும் வேக் கட்டு, பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியது. இதில் பெரும்பகுதி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உள்ள அட்டை அவர்களிடம் முன்பே இருந்தது. செலவுக்குப் பயந்தும் தள்ளிப்போட்டோம் என்று பிறகு சொன்னார்கள், அட்டையை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு

ஆடி மாதத்தில் புண் முழுதாக மூடியது. பாதம் இருக்கிறது, இரண்டு விரல் இல்லை. விரல் போன இடத்துக்குப் பக்கத்தில் அழுத்தம் கூடும் என்பதால் அளவெடுத்துச் செய்த எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, வீட்டுக்குள்ளும் அதுதான். இன்சுலினை மகளே போடுகிறார். பீடியை ஒருமுறை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டிருக்கிறார். திறந்த குழாய் மறுபடி அடைக்கலாம், பீடி இருந்தால் இன்னும் சீக்கிரம், இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். புரட்டாசியில் இடது குதிகாலில் வெடிப்பு ஒன்றைத் தினமும் பாதம் பார்க்கும் மகள்தான் கண்டுபிடித்தார், அது கட்டுப் போட்டதிலேயே ஆறிவிட்டது. பழனிக்கு இனி பஸ்ஸில் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், மலைமேல் செருப்புக்கு என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் பேச்சு முடியவில்லை.

இனி மாற்றிச் செய்வது

உலர் கேங்ரீனோடு வருபவரை "மதுரை போய்ப் பாருங்கள்" என்று சீட்டெழுதி அனுப்புவது போதாது. எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ரத்தக்குழாய்ப் பிரிவுக்குப் போன் போட்டு நாள் குறித்து, "இது விரல் வெட்ட இல்லை, குழாய் பார்க்க" என்பதை, யார் பேச்சை வீட்டில் கேட்பார்களோ அவரைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

"நனையக் கூடாது" என்று மட்டும் இப்போது சொல்லி நிறுத்துவதில்லை. பிளாஸ்டிக் பை கூடாது, ரப்பர் பேண்டு கூடாது, விரலிடுக்கில் காய்ந்த கட்டுத்துணி, காலுக்கு நிழலும் காற்றும், அடுப்புப் பக்கம் நிற்கும் வேலை கூடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அவர் என்ன தொழில் செய்கிறார், காலை எங்கே வைத்து நிற்கிறார் என்று முதலில் கேட்டுவிட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்பது தானாகத் தெரிகிறது.

சர்க்கரைக்காரர் காய்ச்சல், இருமல் என்று எதற்கு வந்தாலும் செருப்பைக் கழற்றி விரலிடுக்கு வரை பார்க்கிறோம். தை பிறக்கும் முன் நடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு மோனோஃபிலமெண்ட் வைத்துப் பார்க்கிறோம். உணர்ச்சி இல்லாதவரிடம் வெறுங்கால் நடை வேண்டாம், அப்படியே நடந்தால் ராத்திரி தங்கும் இடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பாதத்தைக் காட்டுங்கள் என்று சொல்கிறோம். முதல் பாதியைக் கேட்பவர் குறைவு, இரண்டாவதைக் கேட்கிறார்கள்.

மாஸ்டர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வைதான். அவர் செட்டில் இருக்கும் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டி வந்தார். நான்கு பேருக்குச் சர்க்கரை, அதில் மசாலை அரைக்கும் ஒருவருக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை. அடுப்படிக்கென்று கழுவிவைத்த தனிச் செருப்பு போட்டுக்கொள்ளலாமா என்று விசேஷ வீடுகளில் கேட்கத் தொடங்கியிருக்கிறார். சில ஆச்சிமார் சரி என்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கும் வீடுகளுக்கு அந்த ஒருவரை விட்டுவிட்டு வேறு ஆளை அனுப்புகிறார்.